ஒரு தடவை மூடினால்

உங்களுக்கும் அது நடந்திருக்கும். அவசரமாக ஏதோ ஒன்றைப் பார்க்கப் போனைத் திறப்பீர்கள். பஸ் எத்தனை மணிக்கு, மருந்துக் கடை திறந்திருக்கிறதா, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் உண்டா இல்லையா, இப்படி ஏதோ ஒன்று. இரண்டு வரி படிப்பதற்குள் திரையின் நடுவில் தொம்மென்று ஒரு பெட்டி வந்து உட்கார்ந்துகொள்ளும். பாதி விலை என்று கத்தும், இன்றே கடைசி என்று மிரட்டும், உங்கள் நம்பரைக் கொடுங்கள் என்று கெஞ்சும். மூடித் தொலைக்கலாம் என்றால், மூடுகிற பெருக்கல் குறி எந்த மூலையில் ஒளிந்திருக்கிறது என்று தெரியாது. "எந்தப் பாவி இதையெல்லாம் வெச்சான்" என்று நீங்கள் வாய்விட்டுத் திட்டியிருப்பீர்கள்.

அந்தப் பாவி ஒரு பெண். சலவைக் கடைக்கு மேலே, நாலு மேஜை போட்ட ஓர் ஆபீசில் உட்கார்ந்து, ஊரிலுள்ள கடைக்காரர்களின் இணையதளங்களுக்கெல்லாம் இந்தப் பாப்-அப் பெட்டிகளைச் செய்து ஏவிவிடுவதுதான் அவள் வேலை. செருப்புக் கடை, மருந்துக் கடை, மூக்குக் கண்ணாடிக் கடை, பஸ் டிக்கெட் விற்கிற கம்பெனி, எல்லோருக்கும் அவள்தான். கீழேயிருந்து இஸ்திரிச் சூடு நாள் முழுக்க ஜன்னல் வழியாக ஏறி வரும். ஆபீசில் அவளை எல்லோரும் அக்கா என்பார்கள்.

கெட்டிக்காரி, அதையும் சொல்லியாக வேண்டும். பெருக்கல் குறியைச் சாம்பல் நிறத்தில் கடுகளவுக்குக் குறைத்து, வெள்ளைத் திரையோடு கரைய விட்டவள் அவள். 'வேண்டாம்' என்ற பட்டனில் வெறுமனே வேண்டாம் என்று போட்டால் ஜனங்கள் கூசாமல் அழுத்திவிட்டுப் போய்விடுகிறார்கள் என்று, அழுத்துகிறவனுக்கே உறுத்துகிற மாதிரி எழுதுவாள். 'வேண்டாம், முழு விலை கொடுத்து ஏமாறத்தான் எனக்குப் பிடிக்கும்.' கண்ணாடிக் கடைக்கு அவள் எழுதியது, 'வேண்டாம், என் கண் எக்கேடு கெட்டால் எனக்கென்ன.' அதைப் படித்துவிட்டு முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். மறு வாரமே அவளுக்குச் சம்பளம் கூடியது.

ஆனால் ஜனங்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. கடுகை எங்கே ஒளித்து வைத்தாலும் கட்டைவிரல் போய்த் தொட்டுவிடும். கண் படிக்காது, மனசு யோசிக்காது, விரலே தனியாக வேலையை முடித்துவிடும். அவள் ஒளிக்க, அவர்கள் கண்டுபிடிக்க, வருஷக் கணக்கில் இந்தக் கண்ணாமூச்சி நடந்துகொண்டிருந்தது.

அதற்காக அவளிடம் ஈரமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஒரே ஒரு விஷயத்துக்காக முதலாளியிடம் மல்லுக்கு நின்றிருக்கிறாள். ஒருவர் ஒரு தடவை மூடிவிட்டால், அந்தப் பெட்டி அதே போனுக்கு ஒரு மாதத்துக்குத் திரும்ப வரக் கூடாது.

"வேண்டாம்னு சொல்லி அனுப்பினவங்க வீட்டுக் கதவை மறுநாளே போய்த் தட்டுவீங்களா சார்? அவங்களும் மனுஷங்கதானே."

முதலாளி முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டார். புதுப் பெட்டிகளுக்கெல்லாம் மூலமாக ஆபீசில் ஒரு பெட்டி உண்டு. அச்சு என்பார்கள். அதைப் பிரதி எடுத்து, படத்தையும் எழுத்தையும் மாற்றிவிட்டால் புதுப் பெட்டி தயார். அந்த ஒரு மாத ஏற்பாட்டை அவள் அச்சிலேயே பதித்துவிட்டாள். இனி எவர் எந்தப் பெட்டி செய்தாலும் அது தானாகவே கூடவே வரும். செய்த வேலைகளில் அவளுக்குப் பெருமை இருந்தது அந்த ஒன்றில்தான்.

வீட்டில் அவளுக்கு அண்ணன் ஒருவர்தான். உயரமான கட்டடங்களுக்குக் கயிற்றில் தொங்கிக்கொண்டு பெயிண்ட் அடித்தவர். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு, அந்தக் கயிற்றை நம்பித்தான் அவள் படிப்பு, சாப்பாடு, துணிமணி எல்லாம் நடந்தது. கல்யாணம் செய்துகொள்ளச் சொன்னால் "மொதல்ல பாப்பா ஒரு நிலைக்கு வரட்டும்" என்பார். பாப்பா ஒரு நிலைக்கு வந்த வருஷம் கயிறு அறுந்தது. ஆள் பிழைத்தார். தலையில் பட்ட அடியில் பேச்சுதான் போய்விட்டது. இரண்டே வார்த்தை மிச்சம். ஒன்று 'சரி'. இன்னொன்று 'பாப்பா'.

"சாப்பிட்டியா அண்ணா?"

"சரி."

"தூக்கம் வருதா?"

"சரி, சரி."

"உன் தங்கச்சி ஒரு மக்கு. ஒத்துக்கிறியா?"

"சரி" என்று சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு சிரிப்பார் பாருங்கள், அதற்காகவே அவள் தினம் அந்தக் கேள்வியைக் கேட்பாள்.

பேச்சு போனதோடு வலிப்பும் வந்து ஒட்டிக்கொண்டது. காலையும் சாயங்காலமும் மாத்திரை. தவறினால் ஆபத்து என்று டாக்டர் ஒரு தடவைக்கு மூன்று தடவை சொல்லி அனுப்பியிருந்தார். அவளும் கண்ணும் கருத்துமாகத்தான் பார்த்துக்கொண்டாள். காலையில் அவள் ஆபீசுக்குக் கிளம்பும்போது அண்ணனும் கூடவே இறங்கி வந்து, கட்டட வாசலில் இருக்கிற சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார். வெயில் ஏறும் வரை தெருவை வேடிக்கை பார்ப்பார். கீழ்வீட்டு அம்மா அடுப்படி ஜன்னல் வழியாக ஒரு கண் வைத்திருந்து, பிறகு கையைப் பிடித்து மேலே கூட்டிப்போய்ச் சாப்பாடு போடுவாள்.

ஒருநாள் காலையில் எதிர்வீட்டுக்கு யாரோ குடிவந்தார்கள். லாரி வந்து நின்று, கட்டில், பீரோ, பானை சட்டி என்று இறக்கினார்கள். கீழ்வீட்டு அம்மாவின் ஜன்னலை லாரி முழுசாக அடைத்துக்கொண்டது. லாரி நகர்ந்தபோது பெஞ்ச் காலி.

"ஏம்மா, உங்கண்ணன் உன் கூடவா வந்தாரு?" என்று கீழ்வீட்டு அம்மா போனில் கேட்டபோது இவள் ஆபீசில் இருந்தாள். கையிலிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். சந்து, சந்தை, பூங்கா, ஆஸ்பத்திரி, அண்ணன் முன்பு வேலை பார்த்த கட்டடங்கள், ஒன்றை விடவில்லை. போலீஸ் ஸ்டேஷனில் இருந்தவர் வயசைக் கேட்டார்.

"நாப்பத்தாறு சார். ஆனா அவருக்குப் பேச வராது. வீடு எங்கன்னு சொல்லத் தெரியாது."

"நாப்பத்தாறு வயசு ஆம்பளையக் காணோம்னு இப்படிப் பதறுறீங்களே. பசிச்சா வருவாரும்மா." எழுதி வாங்கிக்கொண்டார், அவ்வளவுதான்.

சாயங்கால மாத்திரை தவறியது. விடிந்து காலை மாத்திரையும் தவறியது. மாத்திரை டப்பாவைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, எங்கே போவது என்று தெரியாமல் கால் போன போக்கில் ஆபீசுக்குத்தான் வந்து சேர்ந்தாள். பித்துப் பிடித்த மாதிரி தன் மேஜையில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்குச் சட்டென்று உறைத்தது. ஊரில் போன் வைத்திருக்கிற அத்தனை பேர் முகத்துக்கு நேராகவும் ஒரு பெட்டியைக் கொண்டுபோய் நிறுத்துகிற ஆள், அவள்தானே?

முதலாளியின் அறைக்குப் போனாள்.

"சார், நம்ம பெட்டி எல்லா சைட்டுலயும் இருக்கு. அதுல அண்ணன் படத்தைப் போட்டுக்கட்டுமா?"

எதற்கெடுத்தாலும் கணக்குப் பார்க்கிற மனுஷன். மறுப்பார் என்றுதான் நினைத்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "இதையெல்லாம் கேட்டுக்கிட்டு நிப்பியா? போடு போ. கடைக்காரங்க ஏதாவது சொன்னா நான் பேசிக்கிறேன்."

பெட்டிகளுக்குப் படம் வரைகிற பையனை ஆபீசில் ஒல்லி என்று கூப்பிடுவார்கள். அவனும் அவளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மளமளவென்று வேலையை முடித்தார்கள். அச்சைப் பிரதி எடுத்தார்கள். அண்ணன் படத்தை வைத்தார்கள். பழைய வேலைச் சட்டையோடு பால்கனியில் எடுத்த படம். எத்தனை தடவை துவைத்தாலும் போகாத நீலப் பெயிண்ட் புள்ளிகள் அந்தச் சட்டையில் உண்டு. காணாமல் போன அன்றும் அதைத்தான் போட்டிருந்தார். கீழே எழுதினாள்: 'இவரைக் காணவில்லை. பேச வராது. மாத்திரை போடாவிட்டால் உயிருக்கே ஆபத்து. பார்த்தால் உடனே கூப்பிடுங்கள்.' தன் நம்பரைப் போட்டாள். செருப்புக் கடை, மருந்துக் கடை, கண்ணாடிக் கடை, பஸ் கம்பெனி, ஒவ்வொன்றாக ஏவிவிட்டாள்.

ஒல்லி தன் போனில் திறந்து பார்த்தான். அவன் முகம் மாறியது.

"அக்கா, கீழே பட்டனைப் பாருங்க."

அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் நெஞ்சுக்குக் கீழே, அச்சிலிருந்து அப்படியே ஒட்டிக்கொண்டு வந்த அவளுடைய சொந்த வரி நின்றது: 'வேண்டாம், இதை இழப்பதில் எனக்கு வருத்தமில்லை.'

"ஐயோ" என்று தலையில் அடித்துக்கொண்டாள். "எடுடா, எடுடா அதை!"

எடுத்தான். அவசரத்தில் இரண்டு தடவை தப்பாக அழுத்தி, மூன்றாவது தடவை எடுத்தான்.

"வேற ஏதாவது அச்சுலேருந்து வந்திருக்கா, நல்லாப் பாரு."

அவன் மேலிருந்து கீழ்வரை பார்த்தான். "இல்லக்கா. எழுத்தெல்லாம் சரியா இருக்கு."

எழுத்தைத்தான் பார்த்தார்கள். ஒரு தப்பைப் பிடித்துவிட்டோம் என்ற தைரியத்தில் அதற்கு மேல் தோண்டவில்லை. பெட்டி திரும்ப ஊருக்குள் போயிற்று.

கொஞ்ச நேரத்தில் போன் அடிக்க ஆரம்பித்தது. ஒவ்வொரு தடவையும் அவள் பாய்ந்து எடுத்தாள்.

"ஹலோ, இவரைக் கண்டுபிடிச்சா என்ன பரிசு? போட்டி எது வரைக்கும் இருக்கு?"

"போட்டி இல்லைங்க, நிஜமாவே எங்க அண்ணன்..."

"ஓ" என்று வைத்துவிட்டான்.

இன்னொருத்தி செருப்புக்கு எவ்வளவு தள்ளுபடி என்று கேட்டாள். கண்ணாடிக் கடை வாடிக்கையாளர் ஒருவர் எடுத்த எடுப்பிலேயே கத்தினார். "காலங்காத்தால இப்படியெல்லாம் பயங்காட்டித்தான் வியாபாரம் பண்ணணுமா? வெக்கமா இல்ல உங்களுக்கு?" சரியாகத்தான் கேட்டார். காணவில்லை, உயிருக்கு ஆபத்து என்றெல்லாம் அவள் இதற்கு முன் எத்தனையோ பெட்டிகளில் வேறு விதமாக எழுதியிருக்கிறாளே. நேரம் முடிகிறது, கடைசி வாய்ப்பு, இப்போதே என்று தினம் அலறிக்கொண்டிருந்தவள் இன்றைக்கு நிஜமாக அலறினால் யார் நம்புவார்கள்?

பெட்டியை எத்தனை பேர் பார்த்தார்கள், என்ன செய்தார்கள் என்று காட்டுகிற பக்கத்தை ஒல்லி திறந்தான். ஊரில் பாதிப் பேருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. கிட்டத்தட்ட அத்தனை பேரும் மூடியிருந்தார்கள். பெட்டி திறந்து மூடுவதற்குள் ஆன நேரத்தை அவன் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவளே எட்டிப் பார்த்துக்கொண்டாள். ஒரு நொடிகூட இல்லை.

"யாரும் பார்க்கவே இல்லக்கா" என்றான் மெதுவாக. "வந்ததும் மூடிட்டாங்க."

"நான்தான்டா பழக்கிவிட்டேன்" என்றாள். "இத்தனை வருஷமா உக்காந்து, பார்க்காம மூடுறதுக்கு ஊரையே பழக்கிவிட்டிருக்கேன்."

அழ நேரமில்லை. படத்தைப் பெரிதாக்கினாள். பின்னணியைச் சிவப்பாக்கினாள். 'இது விளம்பரம் இல்லை' என்று மேலே கொட்டை எழுத்தில் போட்டாள். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பெருக்கல் குறியைப் பெரிதாக, கறுப்பாக, நேர்மையாக வைத்தாள். அதற்குப் பிறகு எண்கள் கூடும் என்று காத்திருந்தாள். மதியத்துக்கு மேல் சரியத்தான் செய்தன. மதியத்தில் எப்போதும் கூட்டம் குறைவுதான் என்று அவளே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு மறுபடி தெருவில் இறங்கினாள்.

மறுநாள் விடிந்ததும் ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டார்கள். ஊர் எல்லையில் இருக்கிற வெளி பஸ் நிலையத்தில் ஓர் ஆள் கிடந்ததாகச் சொன்னார்கள். உயிர் இருக்கிறதா என்று அவள் கேட்கவில்லை. "சட்டையில நீலப் புள்ளி இருக்கா?" என்று மட்டும் கேட்டாள். "நீங்க ஆஸ்பத்திரிக்கு வந்துருங்கம்மா" என்றார் அவர். பசித்தால் வருவார் என்று சொன்ன அதே ஆள்தான். இந்தத் தடவை குரல் தணிந்திருந்தது.

ஆஸ்பத்திரிப் பிணவறையில் பார்த்தாள். கீழுதடு கடிபட்டு வீங்கியிருந்தது. மற்றபடி தூங்குகிற அண்ணன்தான். கன்னத்தைத் தொட்டுக்கொண்டு, "உன் தங்கச்சி ஒரு மக்குண்ணா" என்றாள். கையெழுத்து வாங்கினார்கள், காத்திருக்கச் சொன்னார்கள். காத்திருக்காமல் அவர் கிடந்த இடத்தைப் பார்க்கக் கிளம்பிவிட்டாள்.

பஸ் நிலையத்தின் கடைசியில், கூரை முடிகிற இடத்தில், ஒரு டீக்கடை. கடைக்கு முன்னால் ஓர் இரும்பு பெஞ்ச். கடைக்காரர் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தார். அவள் போனில் படத்தைக் காட்டியதும் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"நீங்க யாரும்மா?"

"தங்கச்சி."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "முந்தாநாளிலேருந்து இங்கதான்மா உக்காந்திருந்தாரு. பன்னு குடுத்தேன், டீ குடுத்தேன். எந்த ஊருன்னு கேட்டா சரிங்குறாரு. எங்க போகணும்னு கேட்டா அதுக்கும் சரிங்குறாரு. நடுநடுவுல பாப்பா, பாப்பான்னாரு. ஏதோ சின்னக் குழந்தையத் தொலைச்சிட்டாரு போலன்னு நெனச்சு, நிலையம் பூரா போய்த் தேடிப் பார்த்தேன். குழந்தையக் காணோம்."

அவள் பெஞ்சைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "உங்க போன்ல இந்தப் படம் வரலையா? பஸ் டைம் பார்க்கிறப்போ? நேத்து காலைல?"

கடைக்காரர் நிமிர்ந்தார். எதையோ ரொம்ப நேரமாக அடக்கி வைத்திருந்த மாதிரி பேச ஆரம்பித்தார்.

"வந்துச்சும்மா. ஒரு ஆளுக்குப் பஸ் பார்த்துச் சொல்றப்போ டக்குனு ஒண்ணு வந்துச்சு. விளம்பரம்னு மூடிட்டேன். கையி தானா மூடிருச்சு. அந்த ஆளை அனுப்பிட்டு கிளாஸ் கழுவிட்டிருக்கேன், திடீர்னு தோணுது, அடடா, அந்தச் சட்டைய எங்கயோ பார்த்தோமே, நீலப் புள்ளி, நம்ம பெஞ்சுல உக்காந்திருக்காரே அவரு மாதிரியே இருந்துச்சேன்னு. சோப்புக் கையோடயே ஓடிப்போய்ப் போனை எடுத்தேன். அதே பக்கத்தத் திறந்தேன். வரல. மூடித் திறந்தேன். வரல. போனையே அணைச்சுப் போட்டுப் பார்த்தேன். கீழே ஏதோ நம்பர் இருந்த ஞாபகம், ஆனா என்ன நம்பர்னு தெரியலையே. சாயங்காலம் வரைக்கும் கை ஒழியறப்பல்லாம் திறந்து திறந்து பார்த்தேன்மா. செருப்பு வருது, கண்ணாடி வருது, இவரு மட்டும் வரல. காவலுக்கு இருக்கிறவன்கிட்ட சொன்னேன், காலைல பார்த்துக்கலாம்னுட்டான். கடைய மூடுறப்போ என் போர்வையத்தான் போர்த்திவிட்டுட்டுப் போனேன். இருந்திருக்கணும். நான் இருந்திருக்கணும்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, இத்தனை நேரம் மனசைக் குடைந்துகொண்டிருந்ததை அவளிடமே கேட்டார்.

"ஏம்மா, அது ஏன் திரும்ப வரவே இல்ல?"

அவளுக்குத் தெரியும். அந்த நிமிஷத்தில்தான் தெரிந்தது. படத்தைப் பெரிதாக்கியது, சிவப்பாக்கியது, இது விளம்பரம் இல்லை என்று எழுதியது, எதுவுமே இந்த மனுஷன் போனுக்கு வந்திருக்காது. ஒரு நொடியில் மூடிய பாதி ஊருக்கும் வந்திருக்காது. மதியத்துக்கு மேல் எண்கள் ஏன் சரிந்தன என்றும் இப்போது விளங்கியது.

"ஒரு தடவை மூடிட்டா வராது" என்றாள். "ஒரு மாசத்துக்கு வராது. நான்தான் அப்படி வெச்சேன். யாருக்கும் தொந்தரவா இருக்கக் கூடாதுன்னு, சண்டை போட்டு வெச்சேன்."

கடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. துக்கத்தில் ஏதோ பிதற்றுகிறாள் என்று நினைத்துக்கொண்டார். தோளைத் தொட்டு அந்த இரும்பு பெஞ்சிலேயே உட்கார வைத்தார். அவளுடைய கைப்பை கவிழ்ந்து மாத்திரை டப்பா கீழே உருண்டது. அதை எடுத்துத் துடைத்து அவள் மடியில் வைத்தார்.

"சூடா ஒரு டீ குடிக்கிறியாம்மா?"

"சரி."

"யாரையாவது வரச் சொல்லணுமா?"

"சரி."

அவர் அவள் முகத்தைக் குனிந்து பார்த்தார். அவருக்கு இப்போது பயம் வந்துவிட்டது.

"உன் வீடு எங்கம்மா இருக்கு?"

"சரி" என்றாள் அவள். "சரி, சரி."